கடல் எதைப் போன்றது?
(தரம் 8இல் அணி கற்பித்த ஐந்து பாடவேளைகள்)

எமது கல்லூரித் தமிழ் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. உயர்தரத்தில் தமிழை ஒரு பாடமாகக் கற்கும் மாணவியர், இரண்டாம் தவணையில் கீழ் வகுப்பொன்றுக்குச் சென்று ஓர் அலகைக் கற்பிக்க வேண்டும். இவ்வருடம் எனக்குக் கிடைத்தது தரம் 8. அலகு: அணிகள். நாற்பது நிமிடங்கள் கொண்ட ஐந்து பாடவேளைகள்.

பட்டியலில் என் பெயரைக் கண்டபோது மகிழ்ச்சியாகவே இருந்தது. உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம் எல்லாம் சாதாரண தரப் பரீட்சைக்காக நான் மனனம் செய்தவை. வரைவிலக்கணமும் உதாரணமும் இன்றும் நாவில் நிற்கின்றன. அவற்றைக் கரும்பலகையில் எழுதினால் போதும் என்று எண்ணினேன். அந்த எண்ணம் முதல் நாளுக்கு மறுநாளே உடைந்தது. அது எப்படி உடைந்தது என்பதையும், அதன் பிறகு பாடத்தை எப்படி மாற்றினேன் என்பதையும் இங்கு எழுதுகிறேன். தங்கைகளுக்கும், நாளை ஆசிரியைகளாகப் போகும் என் தோழிகளுக்கும் பயன்படக் கூடும்.

முதலாம் பாடவேளை: நிரப்புக

உவமைக்கு உறுப்புகள் நான்கு. ஒப்பிடப்படும் பொருள் உவமேயம். ஒப்பாகக் காட்டப்படும் பொருள் உவமானம். இரண்டையும் இணைக்கும் ‘போல’, ‘அன்ன’, ‘ஒத்த’ முதலிய சொல் உவமவுருபு. இரண்டுக்கும் பொதுவாக உள்ள இயல்பு பொதுத்தன்மை. ‘முத்துப் போன்ற பல்’ என்பதில் பல் உவமேயம், முத்து உவமானம், ‘போன்ற’ உவமவுருபு, வெண்மையும் ஒளியும் பொதுத்தன்மை.

இவ்வளவையும் பதினைந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டு ஐந்து வெற்றிடங்கள் கொண்ட செயலட்டையைக் கொடுத்தேன். ‘முகம் .......... போன்றது’, ‘பல் .......... போன்றது’, ‘கூந்தல் .......... போன்றது’ என்று அது தொடங்கியது. நான்காவது, ‘கடல் .......... போன்றது.’

வீட்டில் இருந்து திருத்தினேன். முப்பத்திரண்டு பிள்ளைகளின் செயலட்டைகளும் ஒரே கையால் எழுதப்பட்டவை போல இருந்தன. முகம் நிலவு, பல் முத்து, கூந்தல் மேகம், கடல் தாய். எல்லாவற்றுக்கும் சரி போட்டேன். ஒரேயொரு பிள்ளை மட்டும் கடலுக்கு நேரே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாள். ‘விடுபட்டுள்ளது, கவனம்’ என்று சிவப்புப் பேனையால் எழுதினேன்.

மறுநாள் செயலட்டைகளைத் திருப்பிக் கொடுத்தேன். மணி அடித்து மற்றவர்கள் போன பிறகு அந்தப் பிள்ளை என் மேசையருகே வந்து நின்றாள்.

“ராத்தா, இத நான் மறந்து விடல்ல.”

“அப்ப ஏன் எழுதல்ல?”

“எங்கட மூத்தம்மாட ரெண்டு புள்ளைகளக் கடல் கொண்டு பெயித்து. கடல் தாய் எண்டு எழுதிட்டு அவவுக்கு நான் என்ன சொல்லுற?”

என்னிடம் பதில் இருக்கவில்லை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி நான் பிறந்திருக்கவில்லை. அவளும் பிறந்திருக்கவில்லை. இலங்கையில் மட்டும் முப்பதாயிரத்துக்கும் அதிகமான உயிர்களை ஆழிப்பேரலை ஒரு காலைப் பொழுதில் கொண்டு சென்றது என்பதைப் புத்தகத்தில் படித்தவர்கள் நாங்கள். ஆனால் காத்தான்குடி, கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக நடுவில் கிடக்கும் ஒரு துண்டு நிலம். இங்கே அதைப் புத்தகத்தில் மட்டும் படித்த வீடுகள் குறைவு. அந்த மூத்தம்மா அன்றிலிருந்து கடற்கரைப் பக்கமே போனதில்லையாம். பெருநாள் மாலையில் ஊரே கடற்கரையில் நிற்கும்போதும் அவ வீட்டில்தான் இருப்பாவாம்.

நடந்ததை எங்கள் தமிழ் டீச்சரிடம் சொன்னேன். அவர் என்னைக் கண்டிக்கவில்லை. “கடல் தாய் எண்டு எழுதின முப்பத்தொரு பேரிட்டயும் பொதுத்தன்மை என்ன எண்டு கேட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

நான் கேட்கவில்லை. உவமைக்கு நான்கு உறுப்புகள் என்று கற்பித்தவள், நான்காவதை யாரிடமும் கேட்கவில்லை. பொதுத்தன்மையைத் தேடிப் பார்த்தவள் அந்தப் பிள்ளை ஒருத்திதான். தேடியும் காணாதபடியால் வெற்றிடமாக விட்டாள். நான் சரி போட்டது மனனத்துக்கு. பிழை போட்டது சிந்தனைக்கு.

இரண்டாம் பாடவேளை: கண்டதும் கேட்டதும்

அடுத்த வகுப்பை ஒரு கேள்வியுடன் தொடங்கினேன். “உண்மையான முத்தைக் கண்டவர்கள் கை உயர்த்துங்கள்.” இரண்டு கைகள் உயர்ந்தன. ஒருத்தி கண்டது அவளது ராத்தாவின் கல்யாண மாலையில். அதுவும் பிளாஸ்டிக் என்று மற்றவள் சொல்ல, வகுப்பே சிரித்தது.

முத்து பிழையான உவமானம் அல்ல. அதை முதலில் சொன்ன புலவர் முத்தைக் கண்டவர், கேட்டவர்களும் கண்டவர்கள். நாங்கள் காணாத பொருளைக் கொண்டு கண்ட பொருளை விளக்க முயல்கிறோம். அதனால்தான் அது எங்கள் கையில் உயிரற்றுக் கிடக்கிறது. தெரியாததைத் தெரிந்ததைக் கொண்டு காட்டுவதே உவமையின் முதல் வேலை. உமறுப் புலவரை நினைத்துப் பாருங்கள். 5027 பாடல்கள் கொண்ட சீறாப்புராணத்தில் அரபு நாட்டை வருணிக்கும் இடத்தில் மழையும் ஆறும் வயலும் நிறைந்த தமிழ் மருத நிலத்தையே அவர் காட்டுகிறார். பாலைவனத்தைக் காணாத தமிழ் வாசகர், நாயகம் (ஸல்) அவர்கள் பிறந்த நாட்டைத் தம் நாடாக எண்ணி நேசிக்க அது வழி செய்தது.

அதன் பிறகு பையிலிருந்து ஒரு கிளாசை எடுத்தேன். உம்மா விருந்தாளிகளுக்காக மட்டும் அலுமாரியில் வைத்திருக்கும் மெல்லிய விளிம்புக் கிளாஸ். உடைத்தால் வீட்டுக்கு வர வேண்டாம் என்ற எச்சரிக்கையோடு கிடைத்தது. அரைவாசி தண்ணீர் ஊற்றி, விரலை நனைத்து, விளிம்பைச் சுற்றி மெதுவாகத் தேய்த்தேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பின்பு மெல்லிய, நீண்ட ஓர் ஒலி எழுந்தது. வகுப்பு அப்படியே அடங்கியது.

“இதுதான் எங்கள் வாவியின் சத்தம் என்று ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்” என்றேன்.

அவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கையின் காலனித்துவச் செயலாளராக இருந்தவர். 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்தபோது இரவில் தோணியில் சென்று வாவியின் ஒலியைக் கேட்டார். 1859இல் வெளியிட்ட தமது இலங்கை பற்றிய நூலில், அந்த ஒலியை அறியாத தம் நாட்டு வாசகருக்கு அதை எப்படி உணர்த்துவது என்று முயன்று இரண்டு உவமைகள் தருகிறார். ஒன்று, இசைக்கருவியின் தந்தி மெல்ல அதிர்வது. மற்றது, ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் அதிர்வு. அவருடைய வாசகர் மட்டக்களப்பைக் கண்டதில்லை. ஆனால் கண்ணாடிக் கிண்ணம் அவர்கள் வீட்டில் இருந்தது.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து கிளாசைத் தேய்த்துப் பார்த்தார்கள். பிறகு நான்கு உறுப்புகளையும் அவர்களே சொன்னார்கள். உவமேயம் வாவியின் ஒலி. உவமானம் கிளாசின் ஒலி. பொதுத்தன்மை? “மெல்லிசா இரிக்கும், ஆனா நீளமா இரிக்கும்” என்றாள் ஒருத்தி. “எங்கரிந்து வருது எண்டு தெரியாது” என்றாள் இன்னொருத்தி. இரண்டாவது பதில் நான் தயாரித்து வைத்திருந்த குறிப்பில் இல்லை. அதையும் கரும்பலகையில் எழுதினேன்.

மூன்றாம் பாடவேளை: தொல்காப்பியர் வகுத்த நான்கு

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஏழாவது இயல் உவமவியல். ஒரு பொருள் இன்னொன்றை எதனால் ஒக்கும் என்பதைத் தொல்காப்பியர் நான்காகப் பிரிக்கிறார்: வினை, பயன், மெய், உரு. செயலால் ஒப்பது வினை. விளைவால் ஒப்பது பயன். வடிவால் ஒப்பது மெய். நிறத்தால் ஒப்பது உரு. தரம் 8க்கு இது கடினம் என்று சிலர் சொன்னார்கள். என் அனுபவத்தில், இதுதான் அவர்களுக்கு மிக இலகுவாகப் பிடித்தது. ஏனென்றால் நான்கு சொற்களும் நான்கு கேள்விகள்: என்ன செய்கிறது? என்ன தருகிறது? என்ன வடிவம்? என்ன நிறம்?

வகுப்பை நான்கு குழுக்களாக்கி ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கேள்வியைக் கொடுத்தேன். விதி ஒன்றே ஒன்று: உவமானம் இந்த ஊரில் நீங்கள் கண்ணால் கண்டதாக இருக்க வேண்டும்.

வினைக் குழு எழுதியது: ‘இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள், வலையை உதறியதும் துள்ளும் இறால்களைப் போல வெளியே பாய்ந்தனர்.’

பயன் குழு எழுதியது: ‘வாவிக் கரையைக் காக்கும் கண்டல் மரம் போல வாப்பும்மா எங்கள் வீட்டைக் காக்கிறார்.’ கண்டலின் வேர் கரை மண்ணைப் பிடித்து வைத்திருக்கும் என்பதை அவர்கள் விஞ்ஞான பாடத்தில் கற்றிருந்தார்கள். விஞ்ஞானம் தமிழுக்குள் வந்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

மெய்க் குழு எழுதியது: ‘நோன்புப் பிறை சிறிய தோணி போல இருந்தது.’

உருக் குழுவினர் நெடுநேரம் சண்டை பிடித்தார்கள். மாலை வாவியின் நிறம் தங்கம் என்றாள் ஒருத்தி. “தங்கம் எல்லாரும் சொல்லுறது” என்று மற்றவர்கள் ஏற்கவில்லை. கடைசியில் எழுதியது: ‘மாலை வாவி, அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய சீனிப்பாகு போன்றது.’ நிறம் மட்டுமல்ல, அசைவும் அதில் இருந்தது. எனக்கு அந்த உவமை தோன்றியிருக்காது.

நான்காம் பாடவேளை: பிறையும் தோணியும்

உவமையிலிருந்து உருவகத்துக்குப் போகும்போது பிள்ளைகள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ‘மதிமுகம்’, ‘முகமதி’ இரண்டையும் ஒன்றென்று நினைப்பார்கள். நானும் தரம் 9 வரை அப்படித்தான் நினைத்தேன். அதனால் அவர்களது சொந்த உவமையையே எடுத்தேன்.

‘தோணி போன்ற பிறை’ என்பது உவமை. ‘போன்ற’ என்ற உருபு மறைந்து ‘தோணிப்பிறை’ என்றால் உவமைத்தொகை. இங்கு முடிவில் நிற்பது பிறை. எனவே பேச்சு இன்னமும் பிறையைப் பற்றியதே. அதையே புரட்டிப் ‘பிறைத்தோணி’ என்றால் பிறையாகிய தோணி. இப்போது பிறை வேறு, தோணி வேறு அல்ல. இதுவே உருவகம்.

இதைப் பரிசோதிக்க ஒரு வழி கண்டோம். பின்னால் வரும் வினைச்சொல்லைப் பார்க்க வேண்டும். தோணிப்பிறை ‘தோன்றியது’, ‘தேய்ந்தது’ என்று எழுதலாம். பிறைத்தோணியோ ‘மிதந்தது’, ‘கரை ஒதுங்கியது’ என்று எழுதத் தூண்டும். பொருள் தோணியாகவே ஆகிவிட்டால் அது தோணியின் வேலையைச் செய்யும். உடனே ஒருத்தி, “அப்ப மேகம் பாசியா ராத்தா?” என்றாள். ‘மேகப் பாசியில் பிறைத்தோணி சிக்கிக்கொண்டது’ என்று வகுப்பு ஒரு வாக்கியத்தை முடித்தது. ஓர் உருவகம் பக்கத்தில் இருப்பவற்றையும் தன்னோடு அழைத்துக்கொண்டு போகும் என்பதை நான் விளக்கத் தேவையிருக்கவில்லை.

ஐந்தாம் பாடவேளை: பாடுகிறதா, அழுகிறதா?

இயல்பாக நிகழும் ஒன்றின் மீது கவிஞர் தம் கருத்தைக் காரணமாக ஏற்றிச் சொல்வது தற்குறிப்பேற்ற அணி. இதற்கு நூல்களில் எத்தனையோ உதாரணங்கள் உண்டு. நாங்கள் எங்கள் வாவிக்கே திரும்பினோம்.

மட்டக்களப்பை ‘மீன்பாடும் தேனாடு’ என்கிறார்கள். நிலவுக் காலத்தில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் இட்டு மறுமுனையில் காதை வைத்தால் அந்த ஒலி கேட்கும் என்பது ஊர் வழக்கு. ஆனால் டெனன்ட் விசாரித்தபோது மீனவர்கள் வேறு ஒன்று சொன்னார்கள். ஒலி எழுப்புவது மீன் அல்ல, ஒருவகை ஊரி. அதற்கு அழுகின்ற ஊரி என்று பொருள்படும் தமிழ்ப் பெயரும் இருந்ததாக அவர் எழுதியுள்ளார். காரைதீவில் 1892இல் பிறந்து, யாழ் நூலைத் தமிழுக்குத் தந்த சுவாமி விபுலானந்தரோ, இந்த இசையை நீரரமகளிர் பாடுவதாகக் கவிதையில் கற்பனை செய்தார்.

ஒலி ஒன்று. ஒருவருக்கு மீன் பாடுகிறது. ஒருவருக்கு ஊரி அழுகிறது. ஒருவருக்கு நீர்மகளிர் இசைக்கிறார்கள். ‘வாவி ஒலித்தது’ என்பது நிகழ்ச்சி. ‘ஊர் உறங்க வேண்டும் என்றே வாவி தாலாட்டுப் பாடியது’ என்றால் அங்கே காரணம் ஏற்றப்பட்டுவிட்டது, தற்குறிப்பேற்றம் பிறந்துவிட்டது. அந்தக் காரணம் நீரிடம் இல்லை, கேட்பவர் மனத்தில் இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு நான் ஐந்து நாட்களாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். “முதல் நாள் செயலட்டையில் நான்காவது கேள்வியை நான் பிழையாகத் திருத்தினேன். எல்லாரும் இன்னொரு முறை எழுதுங்கள். பொதுத்தன்மையையும் சேர்த்து எழுதுங்கள். தாய் என்று எழுத விரும்புகிறவர்கள் எழுதலாம். ஏன் என்று சொன்னால் போதும்.”

இம்முறை முப்பத்திரண்டும் ஒன்றாக இருக்கவில்லை. ஆறு பேர் மீண்டும் தாய் என்றே எழுதினார்கள். அதில் ஒருத்தியின் வாப்பா கரைவலை இழுப்பவர். ‘எங்கள் வீட்டுச் சோறு அங்கிருந்து வருவதால்’ என்று காரணம் எழுதியிருந்தாள். அது மனனம் அல்ல. அவளுக்குக் கடல் தாய்தான்.

வெற்றிடம் விட்ட பிள்ளை எழுதியது இது:

‘கடல், எங்களோடு ஒருமுறை கோபித்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர் போன்றது. இப்போது பேசுகிறோம். ஆனால் இரவில் கதவைத் திறந்து வைப்பதில்லை.’

பொதுத்தன்மை என்ற இடத்தில், ‘விட்டுப் போகவும் முடியாது, முழுதாக நம்பவும் முடியாது’ என்று எழுதியிருந்தாள்.

அந்தத் தாளில் சிவப்புப் பேனையை வைக்க எனக்கு மனம் வரவில்லை. பழைய செயலட்டையை அவளிடம் கேட்டு வாங்கி, நான் எழுதிய ‘விடுபட்டுள்ளது, கவனம்’ என்பதை மட்டும் வெட்டிவிட்டேன்.

“மூத்தம்மாக்கு வாசிச்சுக் காட்டினயா?” என்று பிறகு ஒருநாள் கேட்டேன்.

“காட்டினன் ராத்தா. சிரிச்சா. மறுகா, ‘கதவுக்குக் கொண்டியும் போடணும் மனே’ எண்டா.”

நான் விளங்கிக்கொண்டது

உவமானம் உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்பது தொல்காப்பியர் கருத்து. அப்படியானால் பெருங்கடலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எப்படி உவமானமாகலாம் என்று ஒரு தோழி கேட்டாள். நான் அல்குர்ஆனை நினைத்தேன். அல்லாஹ் அல்லாதவற்றைப் பாதுகாவலர்களாக எடுத்துக்கொள்வோரின் நிலைக்கு, சூறா அல்அன்கபூத்தில் சிலந்தியின் வீடு உவமையாக வருகிறது. சூறா இப்ராஹீமில் நல்ல வார்த்தைக்கு வேர் ஊன்றிய நல்ல மரம் உவமையாகிறது. சிலந்தி சிறியதுதான். ஆனால் பலவீனத்தைச் சொல்ல வந்த இடத்தில் அதன் வீட்டைவிட மிஞ்சியது எது? உயர்வு என்பது பொருளின் பருமனில் அல்ல; சொல்ல வந்த தன்மையில் அது எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதில் என்று நான் விளங்கிக்கொண்டேன். கோபித்துப் பின் பேசிய அயலவரிடம் எவ்வளவு அன்பும் எவ்வளவு பயமும் கலந்திருக்கும் என்பது ஊரில் வாழ்பவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றும் விளங்கியது. அணி என்றால் நகை என்று பொருள். அதனால் அதை அழகுக்காகப் பூட்டுவது என்றே நாங்கள் கற்பிக்கிறோம். ஆனால் நேரடியாகச் சொல்ல வார்த்தை கிடைக்காத ஒன்றைச் சொல்ல, அந்தப் பிள்ளைக்கு ஓர் உவமை தேவைப்பட்டது. அவளுடைய வீட்டில் பத்தொன்பது வருடங்களாக யாரும் கடலைப் பற்றிப் பேசியதில்லையாம். இரண்டு வரியால் அந்தப் பேச்சு தொடங்கியது.

தங்கைகளுக்குச் சில பயிற்சிகள்

1. உங்கள் வீட்டில் உள்ள ஐந்து பொருட்களை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் வினை, பயன், மெய், உரு என்ற நான்கில் ஏதேனும் ஒன்றால் ஓர் உவமை எழுதுங்கள். உவமானம் நீங்கள் கண்டதாக இருக்கட்டும்.

2. அவற்றில் ஒன்றை உவமைத்தொகையாகவும் உருவகமாகவும் மாற்றுங்கள். பொருத்தமான வினைச்சொல்லைச் சேர்த்து வாக்கியமாக்குங்கள்.

3. எமது பிரதான வீதியில் நிற்கும் பேரீச்ச மரங்கள் காற்றில் அசைவதைப் பாருங்கள். அவை ஏன் அசைகின்றன? காற்று என்பது விஞ்ஞான விடை. உங்கள் விடையை எழுதுங்கள்.

4. ‘கடல் .......... போன்றது.’ உடனே நிரப்ப வேண்டாம். வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் கேட்டுவிட்டு நிரப்புங்கள். நிரப்ப முடியாவிட்டால் வெற்றிடமாகவே கொண்டு வாருங்கள். அதற்கு யாரும் பிழை போட மாட்டார்கள், இன்ஷா அல்லாஹ்.